தண்ணீர் வராத கெண்டி

ஷார்ஜா
12.10.2006

தங்கச்சி ருக்கையாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் ரெண்டு பேரும் கத்திக்கொள்கிறோம், அதனால் எழுதுகிறேன். போன மாசம் நீ பாதியில் போனை வைத்தாய். அப்புறம் நானும் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. நோன்பு நேரத்தில் அதைக் கிளற வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு சுஐபு ஒரு மரப்பெட்டி கொண்டுவருவான். எங்கள் பழம்பொருள் கடையின் லாரியை சவூதிக்கு ஓட்டுகிறவன், உனக்குத் தெரிந்தவன்தான். பெட்டிக்குள் ஒரு சிவப்பு ஜாடி இருக்கிறது. செய்தது சீனாக்காரன், உருவம் திபெத்துக்காரனுடையது. திபெத்தில் வெண்ணெயும் உப்பும் போட்டு டீ குடிப்பார்கள். அந்த டீயை ஊற்றிவைக்கிற மர ஜாடி நெட்டுக்குத்தாக இருக்கும், சுற்றிலும் பித்தளை வளையம் போட்டிருக்கும், வாய் முன்பக்கம் மட்டும் தொப்பி வைத்தமாதிரி எழும்பி நிற்கும். அதைப் பார்த்துச் சீனாக்காரன் அரக்கில் செய்திருக்கிறான். தபாலாபீசில் சீல் வைக்கிற அரக்கு என்று நினைத்துவிடாதே. இது ஒரு மரத்தின் பால். ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, மேலே இன்னொரு பூச்சு, இப்படி மாசக்கணக்கில் பூசித் தடிமனாக்கி, பிறகு கத்தியால் செதுக்குவது. இதில் குடை, தாமரை, ரெட்டை மீன், சங்கு எல்லாம் செதுக்கியிருக்கிறது.

அந்தப் பால் ஈரக் காற்றில்தான் காயும். காற்று வறண்டால் வெடிக்கும். ஏசி அடிக்கிற இடத்தில் வைக்காதே. பீரோவுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வை. வெயில் படக் கூடாது. உன் வீட்டில் இருக்கட்டும்.

அம்மார் மச்சானுக்கு ஸலாம். மருமகள் நஜீஹாவுக்கு துஆ.

செய்கு முகம்மது


அல் கோபார்
29.10.2006

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பார்டர்ல பெட்டியை நிறுத்தி வச்சுட்டானுகன்னு சுஐபு பெருநாளைக்கு மறுநாள்தான் கொண்டாந்தான். பிரிச்சுப் பாத்தேன். காக்கா, என்னத்தச் சொல்ல? இப்படி ஒரு கெண்டியை நான் கண்ணால பாத்ததில்ல. நீங்க ஜாடிங்கிறீங்க, மூக்கு இருக்கு, பிடி இருக்கு, மூடி இருக்கு, இது கெண்டிதான். அதுல இருக்கிற சங்கு வலம்புரி. கீழக்கரையில பொறந்தவளுக்கு வலம்புரி தெரியாதா? எனக்குன்னே பாத்து எடுத்த மாதிரி இருக்கு. நஜீஹா ரெட்டை மீனைத் தடவித் தடவிப் பாக்குது.

போன மாசம் போன்ல நான் பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க. நஜீஹா பொறந்ததிலேருந்து அதுக்கு மாமான்னு ஒருத்தர் இருக்கிறதே தெரியாது, ஒரு சீர் உண்டா செனத்தி உண்டான்னு நான்தான் வாய்க்கு வந்ததைக் கொட்டுனேன். என் நாக்கைத்தான் அறுக்கணும்.

கேளுங்க, சேதி இருக்கு. தம்மாம்ல கடை வச்சிருக்காகள்ல காதர் மைதீன், அவுக மகன் உஸைருக்கு நஜீஹாவைக் கேக்குறாக. பையன் ஜுபைல்ல கம்பெனி வேலை. நஜீஹாவுக்கும் பிடிச்சிருக்கு, வாயால சொல்லாது, ஆனா அந்தப் பேரைச் சொன்னா டிவி சத்தத்தைக் குறைக்குது. அடுத்த வெள்ளிக்கு மறு வெள்ளி ஜும்ஆவுக்கு அப்புறம் பேசி முடிக்க வர்றாக. உஸைரோட தாய்மாமன்மார் ஒரு பட்டாளமே கூட வருது. என் பக்கத்துக்கு நீங்க ஒருத்தர். நீங்க வர முடியாதுன்னு தெரியும். உங்களுக்குப் பதிலா அந்தக் கெண்டியை வைக்கப் போறேன். எனக்கும் ஒரு காக்கா இருக்காகன்னு அவுகளும் பாக்கட்டும்.

தண்ணிக் கிண்ணம் வச்சிருக்கேன். உங்க மச்சான் ஸலாம் சொல்லச் சொன்னாக.

ருக்கையா


ஷார்ஜா
15.11.2006

ருக்கையாவுக்கு,

சுஐபு லோடு இறக்கிவிட்டு வந்து சொன்னான். முதலில் நான் நம்பவில்லை. அந்த ஜாடிக்குள் தண்ணீர் ஊற்றினாயாமே? ஊற்றி, ஆட்கள் கை கழுவக் கொண்டுபோனீர்களாமே? உங்கள் வீட்டில் குழாய் இல்லையா? வாஷ்பேசின் இல்லையா?

அது கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிற சாமான். அது என்னுடையதும் இல்லை. உங்கள் ஊரிலேயே இருக்கிற ஒரு டாக்டர் எங்கள் கடையில் எடுத்தது. அவர் வெளிநாடு போயிருக்கிறார், ஹஜ் முடிந்துதான் வருவார். பூட்டிய வீட்டில் வெக்கையில் கிடந்து கெடுமோ, ஏசியைப் போட்டுவிட்டால் வெடிக்குமோ என்று முதலாளி யோசித்தபோது, என் தங்கச்சி வீடு அல் கோபாரில்தான் இருக்கிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்வாள் என்று நான் வாய் கொடுத்தேன். என் வாக்கில்தான் அது உன் வீட்டுக்கு வந்தது.

உள்ளே மரம். தண்ணீர் இறங்கினால் ஊதும். ஊதினால் மேலே இருக்கிற அரக்கு பெயர்ந்து வரும். இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. வேறு எதையும் அதில் ஊற்றிவிடாதே. டீ போடுகிற யோசனை இருந்தால் விட்டுவிடு.

செய்கு முகம்மது


அல் கோபார்
22.11.2006

காக்காவுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சேன். சாமான் எப்படி இருக்குன்னு கேட்டிருக்கீங்க. நாங்க எப்படி இருக்கோம்னு கேக்கல. சாமான் நல்லாத்தான் இருக்கு. உள்ள கறுப்பா வழவழன்னு இருக்கு, துடைச்சதும் காஞ்சிருச்சு. எங்களுக்குத்தான் ஈரம் காயல.

நடந்ததைச் சொல்றேன், கேட்டுக்குங்க. ஹால்ல விரிப்புப் போட்டு, நாலு பேரு சேந்து சாப்பிடுற சஹன் தட்டு வச்சாச்சு. நான் கதவுக்குப் பின்னால நிக்கிறேன். சம்பந்தியா வரப்போறவுகளைக் குழாய்ல போய்க் கை கழுவிட்டு வாங்கன்னு அனுப்புறதா? நம்ம வீட்டு வழக்கம் அதுவா? வாப்பா இருந்தா கை கழுவுற தண்ணி விழப் படிக்கத்தைப் பிடிச்சு, இருக்கிறதிலேயே நல்ல கெண்டியை எடுத்து, உக்காந்த இடத்துலயே ஊத்துவாக. அப்படித்தான் எங்க அவுகளும் கெண்டியை எடுத்தாக. மொத ஆளு காதர் மைதீன். ரெண்டு கையையும் சேத்து நீட்டுனாக. எங்க அவுக சாய்ச்சாக. தண்ணி வரல.

வரும் வரும்னு சொல்லிட்டு இன்னும் சாய்ச்சாக. வரல. காதர் மைதீன் கை அப்படியே நிக்கிது. தாய்மாமன்மார் எல்லாம் பாக்குறாக. ஒருத்தர் செருமுனாக. இவுக குலுக்குனாக. அப்படியே கவுத்துட்டாக. மூடி கழண்டு சஹன்ல விழுந்துச்சு, தண்ணி பூரா மூக்கை விட்டுட்டு வாய் வழியாக் கொட்டி காதர் மைதீன் மடியில. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அவ்வளவும் நனைஞ்சிருச்சு. ஒரு சின்னப் பையன் சிரிச்சுட்டான். காதர் மைதீன் கையை மடக்கிக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக.

"கை நீட்ட வச்சுட்டீகளே."

அதுக்கப்புறம் பேருக்கு ரெண்டு வாய் சாப்பிட்டாக. பேச வந்ததைப் பேசல. போனவுக போனவுகதான், இன்னைக்கு வரைக்கும் ஒரு போன் இல்ல. நஜீஹா சிரிச்சுக்கிட்டே இட்ஸ் ஓகேங்குது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால பாக்க முடியல.

ஊத்தாத மூக்கை எதுக்கு வச்சான் அந்தச் சீனாக்காரன்? அதை நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அது இருக்கட்டும். பெருநாள் கழிச்சு நான் எழுதுன கடிதம் வந்துச்சா இல்லையா? நன்றின்னு பக்கம் நிறைய எழுதியிருந்தேன். உங்க பேரைச் சொல்லி வைக்கப்போறேன்னு எழுதியிருந்தேன். இது என்னுதில்ல ருக்கையான்னு ஒரு வரி எழுத உங்களுக்கு என்ன கேடு? நான் எங்க அவுகளை விட்டு வந்தவுக எல்லார்கிட்டயும் எங்க காக்கா அனுப்புனதுன்னு சொல்ல வச்சுட்டேன். அதுதான் எனக்கு ஆறல.

ருக்கையா


ஷார்ஜா
6.12.2006

தங்கச்சி ருக்கையாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன்.

மூக்கு அடைத்திருப்பது எனக்குத் தெரியாது. அல்லாஹ் மேல் ஆணை. இத்தனை வருசம் இந்தக் கடையில் நிற்கிறேன், இது எந்த ராஜா காலம், எந்த ஊர் உருவம், எத்தனை கை மாறி வந்தது என்று எல்லாம் சொல்வேன். தண்ணீர் வருமா என்று எவன் ஊற்றிப் பார்ப்பான்? முதலாளியிடம் வேறு ஏதோ பேசுகிறமாதிரி கேட்டேன். அவரும் முழித்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னார்: திபெத்துக்காரனுக்கு டீ ஊற்ற வேண்டும், அவன் மரத்தில் செய்தான். சீனாவில் இதைச் செய்யச் சொன்னவர்களுக்கு டீ வேண்டாம், காணிக்கை வைக்கவும் அன்பளிப்புக் கொடுக்கவும் அந்த உருவம்தான் வேண்டும். ஊற்றவே போகாத ஜாடிக்கு எதற்கு ஓட்டை என்று செதுக்கியவன் விட்டிருப்பான் என்றார். இந்த ஒன்றில் அப்படி விட்டிருக்கிறான், நம் நேரம்.

உன் முதல் கடிதம் வந்தது. நீ நினைத்துக்கொண்டிருப்பது புரிந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். நீ அவ்வளவு சந்தோசமாக எழுதியிருந்தாய். இத்தனை வருசத்தில் நான் உனக்குக் கொடுத்த சந்தோசம் அது ஒன்றுதான், அதுவும் அடுத்தவன் சாமானால். இல்லை என்று எழுதக் கை வரவில்லை. பேசி முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு ஜாடியைப் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டுவாய் என்று நினைத்தேனே தவிர, தண்ணீர் பிடிப்பாய் என்று நினைக்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வை என்று நான் எழுதியதைப் பார்த்து இது தண்ணீருக்கு அஞ்சாத சாமான் என்று நீ எடுத்துக்கொண்டாயோ என்னவோ.

உள்ளே ஈரம் காய்ந்துவிட்டால் ஜாடியின் உடம்புக்குப் பயம் இல்லை. மூடி சஹனில் விழுந்தது என்கிறாயே, அதன் விளிம்பை வெளிச்சத்தில் வைத்துப் பார். எங்காவது பெயர்ந்திருக்கிறதா?

நஜீஹாவை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

செய்கு முகம்மது


அல் கோபார்
18.12.2006

காக்காவுக்கு,

பாத்தேன். விளிம்புல ஒரு இடத்துல துவரம்பருப்பு அளவுக்குப் பெயர்ந்திருக்கு. அந்தத் துண்டு இல்ல. சஹன்ல விழுந்தது பிரியாணியோட போயிருக்கும். தாய்மாமன்மார்ல யாரோ ஒருத்தர் வயித்துல சீனா ராஜா சாமான் கிடக்கு. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருது.

எங்க அவுக பயப்படுறாக. டாக்டர் பெரிய மனுசன், நம்ம மேல கம்ப்ளைண்ட் கொடுத்தா விசா கொடுத்த கஃபீல் காதுக்குப் போகும், அப்புறம் இங்க தங்குறதுக்கான இக்காமா புதுப்பிக்கிறதுல வம்பு வரும்ங்கிறாக. கல்யாணம் பேசுற வீட்டுக்குப் போலீஸ் வந்தா இன்னும் நல்லா இருக்கும். நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன்னா, டாக்டர் வந்ததும் நானே அவுக வீட்டுப் பொம்பளைகளைப் பாத்து உள்ளதைச் சொல்லிடுறேன். ஊத்துனது நாங்கதானே.

நஜீஹா சேதி. உஸைர் கூட வேலை பாக்குற ஒருத்தர் மூலமா எங்க அவுக காதுக்கு வந்தது இதுதான். காதர் மைதீன் வீட்ல சொன்னாகளாம், அவுக பெரிய இடம், பழைய காலத்துச் சாமான் எல்லாம் வச்சிருக்காக, நம்மளைக் கூட்டிவச்சுக் கை நீட்டச் சொல்லி வேடிக்கை பாத்துட்டாகன்னு. காக்கா, காதர் மைதீன் சின்ன வயசுல இந்த ஊருக்கு வந்து ஒவ்வொரு கடையா ஏறிக் கைநீட்டி வேலை கேட்ட மனுசராம். அது தெரியாமப் போச்சே. வேற இடத்துல பொண்ணு பாக்குறாகன்னும் பேச்சு. நஜீஹா இப்ப டிவியே போடுறதில்ல.

ருக்கையா


ஷார்ஜா
9.1.2007

ருக்கையாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், சுஐபு கிளம்பி நிற்கிறான்.

டாக்டர் வந்துவிட்டார். அவருடைய டிரைவர் இந்த வாரம் ஜாடியை எடுக்க வருவான். பெட்டியில் பழையபடி வைத்துக் கொடுத்துவிடு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நீ டாக்டர் வீட்டுக்குப் போக வேண்டாம், மச்சானும் போக வேண்டாம். மூடி பெட்டிக்குள் இடித்துப் பெயர்ந்தது, பேக்கிங் நான் செய்தது, மூடிக்குத் தனியாகப் பஞ்சு வைக்க மறந்துவிட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவரும் டாக்டரிடம் அப்படியே சொல்லிவிட்டார். கலாஸ். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நீ காதர் மைதீன் வீட்டு வேலையைப் பார்.

செய்கு முகம்மது


அல் கோபார்
3.2.2007

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டிரைவர் வந்து பெட்டியை எடுத்துட்டுப் போனான். பீரோவுல கிண்ணம் மட்டும் இருக்கு, தண்ணியை மாத்திக்கிட்டே இருந்த பழக்கத்துல நேத்தும் மாத்திட்டேன்.

மொதல்ல நல்ல சேதி. நாங்க ரெண்டு பேரும் தம்மாம் போய் காதர் மைதீன் கடைப் படி ஏறுனோம். போறதுக்கு முன்னாடி எங்க அவுக கேட்டாக, என்னத்தைச் சொல்றதுன்னு. உள்ளதைச் சொல்வோம்னேன். கடைக்குப் பின்னால உக்காரவச்சு, முகம் கொடுக்காமலே டீ கொடுத்தாக. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னேன். அந்தக் கெண்டி எங்களுது இல்ல. எங்க காக்கா அனுப்பின சீருன்னு சொன்னோமே, அதுவும் இல்ல. அவுக ஒரு கடையில வேலை பாக்குறாக, ஒரு டாக்டர் சாமானை எங்க வீட்ல வச்சிருந்தாக. எனக்கு ஆள் பலம் இல்லன்னு நீங்க நினைச்சிரக் கூடாதுன்னுதான் எடுத்து வச்சேன். மூக்கு அடைச்சிருக்கிறது அதைக் கட்டி மேய்ச்ச எங்க காக்காவுக்கே தெரியாது. இவ்வளவுதான் சொன்னேன். வெக்கத்துல எனக்குக் காது எரிஞ்சுச்சு.

காதர் மைதீன் டீ கிளாஸைக் கையில பிடிச்சபடியே என்னை நிமிந்து பாத்தாக. அப்புறம் கேட்டாக, "ஓசிச் சாமானா?"

ஆமான்னேன். அந்த மனுசர் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டுச் சிரிக்கிறாக, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். "அன்னைக்கு நான் வந்து இறங்குன வண்டி யாருதுன்னு நினைச்சீக? என் கஃபீலுது. ஒரு வெள்ளிக்கிழமைக்குக் கேட்டு வாங்கினது. ஈர வேட்டியோட அதுல உக்கார முடியாம ஓரமா ஒட்டிக்கிட்டு வந்தேன்" அப்படின்னாக. அதுக்கப்புறம் எங்க அவுகளும் சிரிச்சாக. ஏப்ரல்ல நிக்காஹ். உஸைருக்கு அப்புறம் கம்பெனியில ஷட்டவுன் டூட்டி, ஊருக்குப் போக லீவு கிடைக்காது, அதனால இங்கேயே வச்சுக்கிறோம். நஜீஹாகிட்ட சொன்னதும் ஓகே மம்மின்னுட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. உள்ள பாட்டுச் சத்தம்.

இப்ப அடுத்தது. சுஐபு நேத்து வந்தான். வாயைக் கிண்டுனேன், சொல்லிட்டான். உங்களை ஷோரூம்லேருந்து எடுத்துத் தொழில்பேட்டைக் குடோன்ல பேக்கிங்குக்குப் போட்டுட்டாகளாமே. இத்தனை வருசம் கோட்டுப் போட்டு நின்ன மனுசர், ஆணி அடிக்கிறீங்களாமே. இந்த வருச லீவும் கிடையாதாமே. அப்ப நிக்காஹுக்கு நீங்க வர மாட்டீங்க.

பேச்சு முடிஞ்சதுன்னு எழுதுனீங்களே காக்கா, இதைத்தான் முடிஞ்சதுன்னு எழுதுனீங்களா? பஞ்சு வைக்க மறந்துட்டேன்னு சொன்னீங்களாம். நீங்களா மறப்பீங்க? சின்ன வயசுல என் கண்ணாடி வளையலைக்கூடப் பஞ்சுல சுத்தித்தானே கொடுப்பீங்க. எங்க வீட்டுக்கு யாரும் வந்து ஒரு கேள்வி கேக்கக் கூடாதுன்னு உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்க. நான் அழுதுட்டேன். நான் போய் உங்க முதலாளிகிட்ட உள்ளதைச் சொல்லட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்க.

ருக்கையா


ஷார்ஜா
20.3.2007

தங்கச்சி ருக்கையாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தாய்: வேண்டாம்.

குடோன் ஒன்றும் மோசமில்லை. ஷோரூமில் நாள் முழுக்க நிற்க வேண்டும், இங்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடை, இரைச்சல் கொஞ்சம் அதிகம். கூட இருக்கிற முனியசாமி நன்றாகச் சமைக்கிறார். நான் மூடிகளுக்குத் தனியாகப் பஞ்சு வைப்பதைப் பார்த்து எல்லாரும் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். முதலாளி அடுத்த வருசம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வருத்தம் ஒன்றுதான், நிக்காஹுக்கு வர முடியவில்லை. எனக்கு வரவேண்டும்போல் இருந்தது.

சுஐபிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பித்தளைக் கெண்டி. துபாய் தேராவில் வாங்கியது. பழையது இல்லை, எந்த ராஜாவும் தொட்டதில்லை, சங்கு கிங்கு ஒன்றும் கிடையாது. மூக்கு வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்தேன். பிறகு கடைக்காரனிடம் தண்ணீர் கேட்டு அங்கேயே வாசலில் ஊற்றிப் பார்த்தேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். ரூமுக்கு வந்து முனியசாமியைக் கை நீட்டச் சொல்லி இன்னொரு தடவை ஊற்றினேன். ஒழுங்காக வருகிறது.

இது யாருடையதும் இல்லை. என் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நஜீஹாவுக்கு அவள் மாமா கொடுத்தது.

செய்கு முகம்மது


அல் கோபார்
17.4.2007

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால வெள்ளிக்கிழமை நிக்காஹ் நல்லபடியா முடிஞ்சுச்சு. போட்டோ கழுவுனதும் அனுப்புறேன். நஜீஹா உங்களுக்குத் தமிழ்ல நாலு வரி எழுதுறேன்னு உக்காந்துச்சு, ரெண்டு வரிக்கு மேல ஓடல, அதையும் உள்ள வச்சிருக்கேன். சாப்பாடு மட்டும் கொஞ்சம் குறைஞ்சுருச்சு, ஆள் கூட வந்துட்டாக, ஓட்டல்லேருந்து வாங்கிச் சமாளிச்சோம்.

கை கழுவுற நேரம் வந்துச்சு. எங்க அவுக உங்க கெண்டியை எடுத்துக்கிட்டு காதர் மைதீன் முன்னால போய் நின்னாக. தாய்மாமன்மார் எல்லாரும் வேட்டியை ஒதுக்கிக்கிட்டுத் தள்ளி உக்காந்தாக. காதர் மைதீன் கையை நீட்டல. மொதல்ல குனிஞ்சு மூக்குக்குள்ள எட்டிப் பாத்தாக. அப்புறம் இவுக முகத்தைப் பாத்தாக. அப்புறம்தான் ரெண்டு கையையும் சேத்து நீட்டுனாக.

தண்ணி வந்துச்சு காக்கா. படிக்கத்துல விழுந்த சத்தம் கதவுக்குப் பின்னால நின்ன எனக்குக் கேட்டுச்சு.

கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டாக, இது யாரு வீட்டுச் சாமான்னு. எல்லாரும் சிரிச்சாக. பொம்பளை ஹாலுக்குக் கேக்குற மாதிரிப் பேசக் கூடாதுதான். ஆனா எனக்குப் பொறுக்கல.

"எங்க காக்கா அனுப்புனது"ன்னு அங்கேருந்தே சத்தமாச் சொன்னேன்.

ருக்கையா